தரம் வேறு, மட்டம் வேறு: சிறுவர் தகவல் நூல்களின் பின்னட்டை எழுத்தை விளங்கிக்கொள்வது எப்படி

சிறுவருக்கான ஆங்கில வாசிப்பு நூல் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். பின்னட்டையின் ஓரத்தில் ‘லெவல் ஜி’ என்றோ ‘லெவல் 2’ என்றோ ‘420 எல்’ என்றோ சின்னதாக அச்சிட்டிருக்கும். அதைக் கண்டதும் திருகோணமலைப் பெற்றார் அனேகமாகக் கேட்பது, “இது எத்தனையாம் தரத்துக்கு?” என்பதுதான். குழப்பம் அந்தக் கேள்வியிலேயே தொடங்கிவிடுகிறது. தரம் என்பது பிள்ளை படிக்கும் வகுப்பு. அதைத் தீர்மானிப்பது பிறந்த ஆண்டு. மட்டம், அதாவது ‘லெவல்’, என்பது ஒரு புத்தகம் வாசிக்க எவ்வளவு கடினம் என்பதன் அடையாளம். இரண்டையும் ஒன்றாக்கினால், ‘லெவல் 2’ நூலை வாசிக்கும் தரம் 5 பிள்ளை “பின்தங்கிய பிள்ளை” ஆகிவிடுகிறது. அது அநியாயம், கணக்கும் பிழை.

மட்டம் என்ற சொல்லைத் ‘தாழ்ந்தது’ என்ற பொருளில் எடுக்க வேண்டாம். நீர்மட்டம் என்கிறோமே, அந்த மட்டம். இங்கே பார்க்கப்போவது மட்டம் குறித்த தகவல் நூல்களை. தகவல் நூல் என்றால் கதை அல்லாமல் உண்மையான விடயங்களைச் சொல்லும் நூல்: திமிங்கிலம், எரிமலை, பல், பாலம், மழை. அமெரிக்கப் பதிப்பகங்கள் பல இவற்றை ஆங்கிலம், ஸ்பானிஷ் என்று சோடியாக வெளியிடுகின்றன. தமிழும் ஆங்கிலமும் சேர்த்துப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அந்தச் சோடியிலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய உண்டு.

கடலில் இறங்குவது போல

நிலாவெளிக் கடலில் அலை அடங்கிய மாதங்களில் ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இறங்குகிறீர்கள். கணுக்கால் அளவு நீரில் பிள்ளை தானே ஓடி விளையாடும். நீங்கள் கரையில் இருக்கலாம். இடுப்பளவில் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்; நீந்தப் பழக்குவது அங்கேதான். கழுத்தளவில் பிள்ளை உங்களை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அங்கே ஒன்றும் பழக முடியாது, பயம் மட்டும்தான் மிஞ்சும்.

வாசிப்பிலும் இந்த மூன்று நிலைகள் உண்டு. அமெரிக்கக் கல்வியாளர் எம்மெட் பெட்ஸ் 1946இல் எழுதிய நூல் வழியாக இவை பரவலாகின. பிள்ளை உதவியின்றி வாசிப்பது தனி வாசிப்பு மட்டம். பக்கத்தில் ஒருவர் இருந்து கைகொடுத்தால் முடிவது கற்பித்தல் மட்டம். எவ்வளவு உதவினாலும் பொருள் பிடிபடாதது திணறும் மட்டம். இன்று வகுப்பறைகளில் பொதுவாகப் புழங்கும் அளவு இது: 100 சொல்லில் 95 அல்லது அதற்கு மேல் சரியென்றால் தனி வாசிப்பு, 90 முதல் 94 வரை கற்பித்தல், 90க்குக் கீழே திணறல். பெட்ஸ் வைத்த எல்லைகள் இன்னும் கடுமையானவை. தனி வாசிப்புக்கு அவர் 99 வேண்டும் என்றார். ஒரு கைநூலில் ஒரு எண்ணும் இன்னொன்றில் வேறு எண்ணும் இருப்பது இதனால்தான்.

ஆழம் கடலுடையது. அது இடுப்பளவா கழுத்தளவா என்பது இறங்குகிற பிள்ளையைப் பொறுத்தது. ஆகவே “லெவல் ஜி நூல்” என்று சொல்லலாம். “லெவல் ஜி பிள்ளை” என்று சொல்ல இடமில்லை.

மட்டத்தைக் குறிப்பது யார்

இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று கணக்கு. கணினி நூலின் பாடத்தை எடுத்து, வசனங்கள் எவ்வளவு நீளம், சொற்கள் எவ்வளவு அரியவை அல்லது எத்தனை அசை கொண்டவை என்று எண்ணி ஓர் எண்ணைத் தரும். ‘420 எல்’ என்பது லெக்சைல் என்ற அத்தகைய அளவு. அது வசன நீளத்தையும், சொல் எவ்வளவு அடிக்கடி புழங்குகிறது என்பதையும் பார்க்கிறது. எண்ணுக்கு முன்னால் ‘ஏ.டி.’ என்று இருந்தால், பெரியவர் வாசித்துக் காட்ட வேண்டிய நூல் என்று பொருள். இதைக் கவனிக்காமல் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, படப் புத்தகத்தைக்கூட வாசிக்கத் தெரியவில்லையே என்று வருந்துவோர் உண்டு.

மற்றது ஆள் பார்த்துத் தீர்மானிப்பது. ஐரீன் ஃபவுண்டாஸ், கே சூ பின்னல் என்ற இருவர் 1996 முதல் பரப்பிய ஏ முதல் இசட் வரையான 26 படிகள் இந்த வகை. பக்கத்தில் எத்தனை வரி, படம் எவ்வளவு உதவுகிறது, ஒரே வசன அமைப்பு திரும்ப வருகிறதா, கருத்து எவ்வளவு சிக்கலானது என்று பயிற்சி பெற்ற ஒருவர் எடைபோடுவார். வேறு பதிப்பகங்களும் எழுத்துகளைப் பயன்படுத்துகின்றன. ஆனால் ஒரு நிறுவனத்தின் ‘ஜி’ இன்னொன்றின் ‘ஜி’ அல்ல. இரண்டு கம்பனிச் செருப்பில் 6ஆம் நம்பர் ஒரே நீளமாக இருப்பதில்லை அல்லவா, அது போல. நம்பரைப் பார்த்து வாங்கினாலும் போட்டுப் பார்த்துத்தான் தீர வேண்டும்.

கணக்கு வழியின் குறையை ஓர் எடுத்துக்காட்டில் காணலாம். “ஒளி ஓர் அலை. அது துகளும்கூட.” வசனங்கள் குட்டி, சொற்கள் குட்டி. எண்ணும் கணினி இதைத் தொடக்க மட்டத்தில் வைத்துவிடும். பொருளோ பல்கலைக்கழகம் வரைக்கும் போகும்.

இன்னொரு குறை இதைவிடத் தீமையானது. மட்டத்தைக் குறைப்பதற்காக வசனங்களை வெட்டுவார்கள். “மழை பெய்யாததால் குளம் வற்றி, நெல் கருகியது” என்ற ஒரு வசனம், “மழை பெய்யவில்லை. குளம் வற்றியது. நெல் கருகியது.” என்று மூன்றாகும். எண் இறங்கிவிட்டது. ஆனால் ‘ததால்’ என்ற அந்தச் சின்ன இணைப்பில்தான் காரணம் இருந்தது. கந்தளாய்க் குளத்தின் கீழ் வயல் செய்யும் வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் காரணத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நகரத்துப் பிள்ளைக்கு மூன்று தனித்தனிச் செய்திகள்தான் கிடைக்கும். தகவல் நூலின் உயிரே ‘ஏன்’, ‘எப்படி’. அதை வெட்டி எறிந்த நூல் இலகுவாகத் தெரிந்தாலும் விளங்குவதற்குக் கடினமானது.

இதுவரை பார்த்ததில் நினைவில் வைக்க வேண்டியது: மட்டம் புத்தகத்துக்கு உரியது, அதைக் கணக்காலோ ஆள் மதிப்பீட்டாலோ குறிக்கிறார்கள், இரண்டும் தோராயம்.

ஒரே திமிங்கிலம், மூன்று மட்டம்

திருகோணமலைக் கடலுக்கு நீலத் திமிங்கிலம் வரும். அதையே பொருளாக எடுத்து மூன்று மட்டத்தில் எழுதிப் பார்க்கலாம்.

முதல் மட்டம்: “இது நீலத் திமிங்கிலம். இது கடலில் வாழும். இது மிகவும் பெரியது.”

நடு மட்டம்: “நீலத் திமிங்கிலம் மீன் அல்ல. மூச்சு விடுவதற்காக அது நீரின் மேலே வரும். தலையின் மேலுள்ள துளையால் காற்றை வெளியே ஊதும்.”

மேல் மட்டம்: “நீலத் திமிங்கிலத்துக்குப் பற்கள் இல்லை. அவற்றுக்குப் பதிலாக மேல் தாடையிலிருந்து சீப்புப் போன்ற தகடுகள் தொங்குகின்றன. அது வாய் நிறைய நீரை எடுத்து நாக்கால் வெளியே தள்ளும்போது, கிறில் எனப்படும் சிறிய உயிரினங்கள் அத்தகடுகளில் தங்கிவிடுகின்றன.”

முதல் மட்டத்தில் ‘இது’ என்ற சொல் மூன்று முறை வருகிறது. பிள்ளை ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டால் அடுத்ததில் ஒரு சொல்லோ இரண்டோதான் புதிது. படமே பாதிப் பொருளைச் சொல்லிவிடும். நடு மட்டத்தில் பிள்ளை ஏற்கெனவே நினைத்திருந்த ஒன்று (‘திமிங்கிலம் மீன்’) மறுக்கப்படுகிறது. ‘விடுவதற்காக’ என்று காரணமும் வந்துவிட்டது. மேல் மட்டத்தில் ‘கிறில்’ என்ற புதுச் சொல்லை அந்த வசனமே விளக்குகிறது. ‘அவற்றுக்கு’, ‘அத்தகடுகளில்’ என்பவை முன் வசனத்தில் எதைச் சுட்டுகின்றன என்று பிள்ளை தானே தேடிப் பிடிக்க வேண்டும். கடினம் கூடுவது வசனம் நீளுவதால் மட்டும் அல்ல; மனதுக்குள் ஒரே நேரத்தில் எத்தனை விடயங்களைப் பிடித்து வைத்திருக்க வேண்டும் என்பதால்.

தகவல் நூலுக்கென்று தனி உறுப்புகளும் உண்டு: பொருளடக்கம், உபதலைப்பு, படத்தின் கீழே வரும் விளக்கம், படத்தின் பாகங்களுக்குக் கோடிழுத்து எழுதிய பெயர்கள், கடைசியில் சொல் விளக்கம். கதை வாசித்துப் பழகிய பிள்ளை இவற்றைத் தாண்டிப் போய்விடும். பெரிய எழுத்தில் உள்ளதை மட்டும் வாசித்துப் புத்தகத்தை மூடும். பல நூல்களில் பாதிச் செய்தி படத்தின் கீழ்தான் இருக்கிறது. ஒரு பக்கத்தைத் திறந்து, எதை முதலில் பார்ப்பது, பிறகு கண் எங்கே போக வேண்டும் என்று விரலால் காட்டிக்கொடுங்கள். யாரும் காட்டாமல் இது வராது.

பேஸ்போலும் நண்டும்

மட்டம் ஏமாற்றும் முக்கியமான இடத்துக்கு வருவோம். 1988இல் டோனா ரெக்ட், லோரன் லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் 64 மாணவருக்கு ஒரு பேஸ்போல் ஆட்டத்தைப் பற்றிய பாடத்தை வாசிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் வல்லவர், வல்லவரல்லாதவர். பேஸ்போல் நன்றாகத் தெரிந்தவர், தெரியாதவர் என்று நான்கு பிரிவு. வாசிப்பில் பின்னால் நின்றாலும் ஆட்டம் தெரிந்த மாணவர்கள், வாசிப்பில் கெட்டிக்காரராக இருந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட நன்றாக விளங்கி நினைவில் வைத்திருந்தார்கள். கிரிக்கெட் செய்தியை வைத்து நம் வீட்டிலேயே இதைப் பார்க்கலாம்.

கிண்ணியாவில் வலையிழுக்கும் குடும்பத்துப் பிள்ளை ஒன்றின் முன் இரண்டு ஆங்கில நூல்களை வையுங்கள். ஒன்று ‘லெவல் சி’, குளிர்கால உடுப்புகளைப் பற்றியது. வசனங்கள் நாலு நாலு சொல்தான். ஆனால் கம்பளிக் கையுறையும் கழுத்துச் சால்வையும் பனிச் சப்பாத்தும் அந்தப் பிள்ளை தொட்டறியாதவை. மற்றது ‘லெவல் ஜி’, நண்டைப் பற்றியது. கொடுக்கு, ஓடு கழற்றுவது, மணலில் வளை தோண்டுவது எல்லாம் கண்ணால் கண்டது. ஆங்கிலச் சொல் தெரியாவிட்டாலும் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று பிள்ளைக்குத் தெரியும். சொல்லைப் பொருளோடு சேர்த்துப் பிடித்துவிடும். நாலு படி மேலே உள்ள நூல் இந்தப் பிள்ளைக்கு ஆழம் குறைந்தது. அடி மண் தெரிந்த கடல் அது.

தகவல் நூலுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ‘லெவல் சி’ கதையைக் கொடுத்தால், பொம்மையும் பலூனும் வரும். பிள்ளைக்கு வெட்கமாக இருக்கும். திமிங்கிலத்தின் படம் எந்த வயதுக்கும் பொருந்தும். இரண்டாம் மொழியாக ஆங்கிலம் தொடங்கும் பிள்ளைகளுக்கு முதலில் தகவல் நூலைக் கொடுக்கச் சொல்வது இதனால்தான்.

ஆங்கிலமும் ஸ்பானிஷும் ஒரே மட்டத்தில் நிற்குமா

ஆங்கில நூலை அப்படியே மொழிபெயர்த்து அதே மட்டத்தைப் போட்டுவிடலாம் என்பது பரவலான எண்ணம். நடக்காது. ஆங்கிலத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் உறவு சீரானதல்ல. ஓ, யூ, ஜி, எச் என்ற நான்கு எழுத்துகளும் சேர்ந்தால் ஒரு சொல்லில் ‘ஓ’, இன்னொன்றில் ‘ஊ’, வேறொன்றில் ‘அஃப்’. ஸ்பானிஷில் ஐந்து உயிர் ஒலிகள். எழுத்தைக் கண்டால் ஒலி ஏறத்தாழ உறுதி. பிள்ளைகளுக்கு மா, மே, மி, மோ, மு என்று அசை அசையாகவே தொடங்குவார்கள். நமது உயிர்மெய் வரிசையைப் பழகியவருக்கு இது புதிதாகத் தோன்றாது.

விளைவு சுவாரசியமானது. வண்ணத்துப்பூச்சிக்கு ஸ்பானிஷில் மாரிபோசா. நாலு அசை, எல்லாம் நேரான ஒலி, சின்னப் பிள்ளையும் வாசிக்கும். கண்ணுக்கு ஸ்பானிஷில் ‘ஓஹோ’, அதுவும் இலகு. ஆங்கிலத்தில் கண்ணுக்கு மூன்றே எழுத்து, ஆனால் ஈ, வை, ஈ என்று எழுத்துக் கூட்டினால் ‘ஐ’ என்ற ஒலி வராது. வௌவாலோ மறுபக்கம்: ஆங்கிலத்தில் ‘பேட்’, மூன்று எழுத்து, தொடக்க நூலில் முதலாவதாக வரும் சொல், ஸ்பானிஷில் முர்சியேலகோ, ஐந்து உயிர்களும் ஒரே சொல்லில். ஆகவே நல்ல பதிப்பாளர் ஸ்பானிஷ் நூலைத் தனியாக மட்டம் பார்ப்பார். சோடி நூல்களில் இரண்டுக்கும் வெவ்வேறு மட்டம் இருந்தால் அது அச்சுப் பிழை அல்ல, கவனத்தின் அடையாளம்.

ஆங்கிலத் தொடக்க நூல்களிலும் இரண்டு வகை உண்டு. திரும்பத் திரும்ப ஒரே வசனம் வந்து, கடைசிச் சொல் மட்டும் மாறுவது ஊக நூல்; அந்தச் சொல்லைப் படம் சொல்லிவிடும். பிள்ளை படித்த எழுத்தொலிகளை மட்டும் வைத்து எழுதியது ஒலிப்பு நூல். ஊக நூலைப் பிள்ளை சரளமாக ஒப்புவிக்கும். படத்தைக் கையால் மூடினால் நின்றுவிடும். அது வாசிப்பு அல்ல, மனனம். அதனால் படத்தை மூடி ஒரு பக்கத்தைச் சோதித்துப் பார்க்காமல் மட்டத்தை ஏற்றாதீர்கள்.

இந்தப் பகுதியின் சாரம்: மட்டம் ஒரு மொழிக்குள்தான் செல்லும். மொழி மாறினால் மீண்டும் அளக்க வேண்டும்.

தமிழுக்கு வந்தால்

தமிழில் எழுத்து 247 என்று பயமுறுத்துவோம். ஆனால் முறை பிடிபட்டதும் எழுத்துக்கூட்டுவது ஆங்கிலத்தைவிட விரைவில் வரும். தமிழின் கடினம் வேறு இடத்தில். ஒன்று, ஒட்டிக்கொண்டு நீளும் சொல். ‘கடற்கரையிலிருந்து’ தமிழில் ஒரு சொல், ஆங்கிலத்தில் மூன்று. 100 ஆங்கிலச் சொல்லும் 100 தமிழ்ச் சொல்லும் ஒரே பாரம் அல்ல. மற்றது, பேச்சும் எழுத்தும் பிரிந்து நிற்பது. ‘போறான்’ என்று பேசும் பிள்ளை ‘போகிறான்’ என்று வாசிக்க வேண்டும். முதல் மட்டத் தமிழ் நூலில் வீட்டில் புழங்கும் சொற்களும் குறுகிய வினைமுற்றுகளும் வேண்டுவது இதனால்தான்.

தமிழில் மட்டம் குறித்த நூல்களைத் தேடுவோருக்கு, பிரதம் புக்ஸ் என்ற இந்தியப் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற இலவச இணைய நூலகம் உதவும். தமிழ், ஆங்கிலம், ஸ்பானிஷ் மூன்றிலும் நூல்கள் உண்டு, தரவிறக்கி அச்சிடலாம். நான்கு மட்டங்கள்: முதலாவது 250 சொல்லுக்குள், இரண்டாவது 600 வரை, மூன்றாவது 1500 வரை, நான்காவது அதற்கு மேல். மட்டத்தைச் சொல் எண்ணிக்கையோடு சேர்த்துச் சொல்வதால், மொழிபெயர்ப்பில் எண்ணிக்கை குறைந்தாலும் சொல் நீண்டிருக்கும் என்பதை நினைவில் வைத்துத் தெரிவுசெய்ய வேண்டும்.

ஏ முதல் இசட் அட்டவணையில் அமெரிக்கப் பிள்ளை முதலாம் தரம் முடியும்போது ‘ஜே’, மூன்றாம் தரம் முடியும்போது ‘பி’ (P) என்று எதிர்பார்க்கிறார்கள். அது ஆங்கிலத்திலேயே பள்ளிக்கூடம் முழுவதும் நடக்கும் நாட்டுக்கு. இலங்கையில் தரம் 1, 2இல் ஆங்கிலம் பெரும்பாலும் வாய்மொழியாகத்தான். பாடநூலோடு முறையாகத் தொடங்குவது தரம் 3இல். தரம் 4 பிள்ளை ‘லெவல் டி’யை (D) வாசித்தால் அது ஒழுங்கான முன்னேற்றம். அந்த அட்டவணையைச் சுவரில் ஒட்டிப் பிள்ளையை ஒப்பிட வேண்டாம்.

நூறு சொல் சோதனை

நூலின் நடுவிலிருந்து 100 சொல் கொண்ட பகுதியைத் தெரிவுசெய்து, கொப்பி ஒன்றில் 10 வரிசையாக 100 சிறு கட்டம் போடுங்கள். பிள்ளை உரத்து வாசிக்கட்டும். சரியான ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு புள்ளி. நியூசிலாந்தைச் சேர்ந்த மேரி கிளே உருவாக்கிய தொடர் பதிவு முறையின் எளிய வடிவம் இது. சொல்லை மாற்றி வாசித்தல், விட்டுவிடுதல், இல்லாததைச் சேர்த்தல், நீங்கள் சொல்லிக்கொடுக்க நேர்தல் ஒவ்வொன்றும் ஒரு பிழை. பிள்ளை தானே திருத்திக்கொண்டால் பிழையல்ல; அது நல்ல அறிகுறி, தனியாகக் குறித்து வையுங்கள். திரும்ப வாசிப்பதும் பிழையல்ல. ஆட்பெயரில் தடுக்கினால் ஒரு முறை மட்டும் எண்ணுங்கள். ‘ஃபிஷ்’ என்பதைப் ‘பிஷ்’ என்றால் அது உச்சரிப்பு, பிழையில் சேர்க்காதீர்கள்.

5 பிழை வரை தனி வாசிப்பு. 6 முதல் 10 வரை உங்களோடு இருந்து வாசிக்க வேண்டியது. 10ஐத் தாண்டினால் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். நூலில் 40 சொல்தான் இருந்தால் எல்லைகள் 2உம் 4உம். தமிழில் 50 சொல் எடுத்துப் பிழையை இரட்டிப்பாக்கினால் போதும்.

பிறகு புத்தகத்தை மூடிவிட்டு நான்கு கேள்வி: பாடத்திலிருந்து ஒன்று, படத்தின் கீழிருந்து ஒன்று, ‘ஏன்’ என்று ஒன்று, புதுச் சொல் ஒன்று. பதில் தமிழில் வரலாம்; நாம் சோதிப்பது விளக்கத்தை. 98 சொல் சரியாக வாசித்து ஒரு பதிலும் வராத பிள்ளைக்கு எழுத்தொலி வந்துவிட்டது, பொருள் வரவில்லை. மட்டத்தை இறக்குவதால் இது சரியாகாது. அதே விடயத்தைப் பற்றிப் பேசுங்கள், படம் காட்டுங்கள், முடிந்தால் நேரில் காட்டுங்கள். கன்னியா வெந்நீர்க் கிணறு ஏழிலும் ஒவ்வொரு வாளி அள்ளி ஊற்றிக்கொண்ட பிள்ளை, நிலத்தடி வெப்பம் பற்றிய பக்கத்தை வேறு மாதிரி வாசிக்கும்.

அலுமாரியில் அடுக்குவது

நூலகத்திலோ வகுப்பறை மூலையிலோ தகவல் நூல்களை மட்டவாரியாக அடுக்குவது வழக்கம். பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்: அந்தத் தட்டு கெட்டிக்காரருக்கு, இந்தத் தட்டு எங்களுக்கு. விடயவாரியாக அடுக்குவதுதான் சரி. கடல், வயல், உடம்பு, வாகனம் என்று பெட்டிகள். ஒவ்வொன்றிலும் எல்லா மட்டமும் கலந்து. மட்டத்தை உள்ளட்டையில் பென்சிலால் சின்னதாக எழுதிவிட்டால் ஆசிரியருக்குப் போதும்.

இப்படி அடுக்கினால் ஒரு படிக்கட்டும் கிடைக்கிறது. ஒரு வாரம் கடல் பெட்டியை எடுத்து, திங்கள் முதல் மட்டத் திமிங்கில நூல், புதன் நடு மட்டம், வெள்ளி மேல் மட்டம். திங்களன்று வந்த சொற்கள் வெள்ளியன்று தெரிந்த சொற்களாகி நிற்கும். தனியாகக் கொடுத்திருந்தால் திணறியிருக்கும் நூல் கைக்கு எட்டிவிடும்.

பிள்ளை தன் மட்டத்துக்கு மிகவும் மேலான நூலைத் தூக்கிக்கொண்டு வந்தால் பறிக்காதீர்கள். படங்களையும் அவற்றின் கீழ் உள்ள வரிகளையும் பிள்ளை வாசிக்கட்டும், மற்றதை நீங்கள் வாசியுங்கள். அடுத்த நாள் அதே பக்கத்தைத் திறந்து வைத்தால், தகடுகளுக்குக் கோடிழுத்து எழுதிய பெயரை விரல் வைத்துத் தானே வாசிக்கும்.